நாணய மாற்று நஷ்டமும் நம் வியாபாரமும்

கடைக்கு வரும் வாடிக்கைக்காரருக்கு ஒரு கைலியைப் பத்து வெள்ளிக்கு விற்றால் பெட்டியில் பத்து வெள்ளி விழுகிறது. அதே கைலியை இணையத்தின் மூலம் லண்டனிலோ மெல்பர்னிலோ உள்ள ஒருவருக்கு விற்றால், பெட்டியில் விழுவது எவ்வளவு? இக்கேள்விக்கு உடனே விடை கூறக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்? சரக்கின் கொள்முதல் விலை நமக்குத் தெரியும். தபால் செலவு தெரியும். விற்பனைத் தளத்தார் எடுத்துக்கொள்ளும் கமிஷனும் தெரியும். அந்நிய நாணயம் நம் வெள்ளியாக மாறும் இடத்தில் கரைந்துபோகும் தொகை மட்டும் அநேகருக்குத் தெரிவதில்லை.

சிராங்கூன் சாலையிலும் டன்லப் தெருவிலும் அரபுத் தெருவிலும் கடை வைத்திருக்கும் நம்மவர் பலர் இன்று கைலி, அத்தர், தொப்பி, மசாலா, அணிகலன் முதலியவற்றைக் கடல் கடந்தும் விற்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரிய விஷயமே. எனினும் விற்பனை பெருகியும் கையில் பணம் நிற்கவில்லை என்று வருந்துவோரையும் காண்கிறோம். அவர்களுக்குப் பயன்படும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நமக்குப் புதியதன்று

நாணயம் மாற்றும் தொழில் நம் சமூகத்துக்குப் புதியதன்று. ராபிள்ஸ் பிளேசுக்கும் காலியர் கீக்கும் இடையே இருந்த பழைய சேஞ்ச் அலியில், 1989இல் அது மூடப்படும் வரை, கப்பலிலிருந்து இறங்கிய மாலுமிக்கும் பிரயாணிக்கும் அவரவர் பாஷையிலேயே விலை பேசி நாணயம் மாற்றித் தந்தவர்களில் நம்மவர் அநேகர். நாணயம் மாற்றும்போது கழித்துக்கொள்ளும் தொகைக்கு ‘வட்டம்’ என்று நம் முன்னோர் பெயர் வைத்திருந்தனர். வட்டம் எவ்வளவு என்று கேளாமல் அவர்கள் ஒரு நாணயத்தையும் கைமாற்றியதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம், கணினித் திரையில் தோன்றும் தொகையை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம்!

நாணய மதிப்பு மாறுவதால் வணிகர் படும் பாட்டுக்கு நம் ஊர்ச் சரித்திரத்திலேயே இரண்டு சான்றுகள் உண்டு.

முதலாவது 1966ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி நிகழ்ந்தது. அன்று இந்திய அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை ஓர் அமெரிக்க டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது, 7 ரூபாய் 50 காசாயிற்று. அக்கணக்கின்படி, முதல் நாள் நம் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். மறுநாள் 2 ரூபாய் 45 காசு. நாகப்பட்டினத்து வணிகர் ஒருவரிடமிருந்து 1,000 ரூபாய் வர வேண்டியிருந்த சிங்கப்பூர் வணிகருக்கு, சுமார் 643 வெள்ளி பெறுமானமுள்ள கடன் ஒரே இரவில் சுமார் 408 வெள்ளியாகச் சுருங்கியது. மாறாக, 1,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தவருக்கோ அதே அளவு பாரம் குறைந்தது. சரக்கு ஒன்றுதான், தொகையும் ஒன்றுதான். கடன் எந்த நாணயத்தில் எழுதப்பட்டது என்பதே லாபத்தையும் நஷ்டத்தையும் தீர்மானித்தது.

இரண்டாவது 1967ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 12ஆம் தேதி சிங்கப்பூரின் புதிய வெள்ளி வெளிவந்தது. பழைய மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நோட்டுகளும் அதற்குச் சமமாகவே புழங்கின. பழையது பவுனைச் சார்ந்து நின்றது. நவம்பர் 18ஆம் தேதி பிரிட்டிஷ் அரசாங்கம் பவுனின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. புதிய வெள்ளியின் மதிப்பு மாறவில்லை. பழைய ஒரு வெள்ளிக்குப் புதிய நாணயத்தில் 85 காசுதான் என்றாயிற்று. இரண்டும் ஒன்றே என்று நம்பிப் பெட்டியில் 1,000 வெள்ளிக்குப் பழைய நோட்டு வைத்திருந்தவருக்கு 150 வெள்ளி நஷ்டம். அவர் தவறான சரக்கை வாங்கவில்லை; யாரிடமும் ஏமாறவுமில்லை. எந்த நாணயத்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதைக் கவனியாததே அவர் செய்த பிழை.

நஷ்டம் நுழையும் மூன்று வாயில்கள்

இணைய விற்பனையில் நாணய மாற்று நஷ்டம் மூன்று வாயில்களின் வழியே நுழைகிறது.

முதல் வாயில், வட்டம். நாணய மாற்றுக் கடையின் பலகையில் இரண்டு விலைகள் எழுதியிருப்பதைக் காண்கிறோம். அமெரிக்க டாலரை வாங்கும் விலை 1.28, விற்கும் விலை 1.32 என்றிருந்தால், நடு விலை 1.30. ஒவ்வொரு டாலரிலும் இரண்டு காசு அவருடைய வட்டம். பலகை கண்ணெதிரே இருப்பதால், விலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். இணையத்திலோ அந்தப் பலகை திரைக்குப் பின்னால் இருக்கிறது. பேபால் போன்ற பணம் செலுத்தும் நிறுவனங்கள் நாணயத்தை மாற்றித் தரும்போது, நடு விலையிலிருந்து நூற்றுக்கு 3 முதல் 4 வீதம் வரை கழிப்பதுண்டு. எட்ஸி என்னும் விற்பனைத் தளத்தில், சரக்கின் விலையை ஒரு நாணயத்தில் போட்டு வேறொரு நாணயக் கணக்கில் பணம் பெற்றால், மாற்றுக் கட்டணம் நூற்றுக்கு இரண்டரை வீதம். இவர்கள் விதிகளில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். படிக்காதது நம் குறை. சில இடங்களில் ‘கமிஷன் இல்லை’ என்று விளம்பரம் செய்வார்கள். கமிஷன் இல்லாமலிருக்கலாம், வட்டம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

இரண்டாவது வாயில், காலம். இன்று விற்கிறோம், பணம் இரண்டு வாரம் கழித்து வருகிறது. இடையில் அந்நிய நாணயம் இறங்கினால் நஷ்டம் நம்முடையது. நம் நாட்டு நாணய ஆணையம் 1981 முதல் வட்டி விகிதத்தைக் கொண்டல்லாமல், வெள்ளியின் மாற்று மதிப்பைக் கொண்டே விலைவாசியைக் கட்டுப்படுத்தி வருகிறது. இதனால் நீண்ட காலத்தில் நம் வெள்ளி வலுப்பெற்றே வந்திருக்கிறது. 1966இல் 2 ரூபாய் 45 காசுக்கு நின்ற ஒரு வெள்ளி, 2024இல் 60 ரூபாயைத் தாண்டி நின்றது. வெளிநாட்டில் வாங்குவோருக்கு இது வசதி. வெளிநாட்டில் விற்போருக்கு, அதே தொகை நாளடைவில் குறைந்த வெள்ளியாகிறது.

மூன்றாவது வாயில், வீண் மாற்று. விற்பனையில் வந்த டாலரை வெள்ளியாக்கிவிட்டு, அடுத்த வாரம் கொள்முதலுக்காக அதே வெள்ளியை மறுபடி டாலராக்குகிறோம். போகும்போது ஒரு வட்டம், வரும்போது ஒரு வட்டம். வாங்கியவர் சரக்கைத் திருப்பி அனுப்பினாலும் இதே கதைதான். நூறு டாலர் வெள்ளியாகியிருக்கும். திருப்பித் தருவதற்கு அவ்வெள்ளி மீண்டும் டாலராக வேண்டும். விற்பனை ரத்தாகிவிட்டது, நஷ்டம் மட்டும் நிலைத்துவிட்டது.

நாமே முதலில் இணைய விற்பனையில் இறங்கியபோது இதை அறிந்தோமில்லை. கணக்கில் வந்து சேர்ந்த தொகையை மட்டும் வரவில் எழுதி வந்தோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, எதிர்பார்த்த லாபத்தில் பாதிகூட இல்லை. தபால் செலவே காரணம் என்று முடிவு கட்டி விலையை உயர்த்தினோம். வழக்கமாக வாங்கிய சிலர் விலகிப் போயினர். பின்னர் ஒரு நாள் இரவு உட்கார்ந்து, ஒவ்வொரு விற்பனையிலும் எத்தனை டாலர் புறப்பட்டது, எத்தனை வெள்ளி வந்தது என்று வகுத்துப் பார்த்தோம். தபால்காரர்மீது போட்ட பழி தவறு என்று அப்போதுதான் விளங்கிற்று.

ஒரு கணக்கு

கணக்கின் வசதிக்காக ஓர் அமெரிக்க டாலர் 1 வெள்ளி 30 காசு என்று வைத்துக்கொள்வோம். டன்லப் தெரு வணிகர் ஒருவர் 100 டாலருக்குச் சரக்கு விற்கிறார். அது 130 வெள்ளி. தமிழ்நாட்டிலிருந்து வந்த அச்சரக்கின் கொள்முதல் விலை 60 டாலர், அதாவது 78 வெள்ளி. தபாலும் கட்டுமானமும் 26 வெள்ளி. தளத்தின் கமிஷன் 10 வெள்ளி. ஆக, செலவு 114. லாபம் 16 வெள்ளி என்று அவர் கருதுகிறார்.

ஆனால் நடந்தது வேறு. கொள்முதலுக்கு 60 டாலர் அனுப்பியபோது பாங்கி நூற்றுக்கு ஒன்றரை வீதம் வட்டம் கழித்தது; அது 1 வெள்ளி 17 காசு. விற்பனைப் பணம் வருவதற்குள் டாலர் 1.27க்கு இறங்கிற்று. எனவே 130க்குப் பதில் 127. அதிலும் நூற்றுக்கு 4 வீதம் மாற்றுக் கட்டணம் போக, மிஞ்சியது 121 வெள்ளி 92 காசு. எல்லாச் செலவும் கழித்தால் அவர் கையில் நின்ற லாபம் 6 வெள்ளி 75 காசு! பதினாறில் பாதிக்கு மேல் மூன்று வாயில்களின் வழியே வெளியேறிவிட்டது.

இனி, இதே வணிகர் டாலரை டாலராகவே வைத்திருக்கும் கணக்கு ஒன்றை வைத்திருந்தால் என்ன ஆகும்? கமிஷன் போக 92 டாலர் 30 சென்ட் வருகிறது. அதிலிருந்து 60 டாலரைக் கொள்முதலுக்கு அப்படியே செலுத்துகிறார். மிஞ்சிய 32 டாலர் 30 சென்டை மட்டும், நூற்றுக்கு 1 வீதம் வட்டமுள்ள இடத்தில், அதே இறங்கிய விலையில் மாற்றுகிறார். தபால் செலவு போக அவருக்கு நிற்பது சுமார் 14 வெள்ளி 60 காசு. டாலர் இறங்கியது இருவருக்கும் பொதுதான். ஆனால் முதல்வர் நூறு டாலரையும் மாற்றினார், இரண்டாமவர் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றினார். டாலர் ஏறியிருந்தால் முதல்வருக்கு லாபம் கூடியிருக்குமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நாம் கைலி வியாபாரிகள். டாலர் ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது நம் தொழிலன்று.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, பல நாணயக் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். சிங்கப்பூரின் பெரிய பாங்கிகளிலும், நாணய ஆணையத்தின் அனுமதி பெற்ற பணம் செலுத்தும் நிறுவனங்களிலும் இத்தகைய கணக்குகள் உண்டு. வரும் நாணயத்தைத் தானாகவே வெள்ளியாக்கும் ஏற்பாடு உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள், நிறுத்தக்கூடியதாயின் நிறுத்திவிடுங்கள். எந்த நாணயத்தில் வரவு இருக்கிறதோ அந்த நாணயத்திலேயே செலவும் இருக்கும்படி, கொள்முதல் செய்யும் இடத்தில் பேசிக்கொள்ளுங்கள். நாம் கூறுபவற்றுள் தலையாயது இதுவே.

இரண்டாவதாக, மாற்றுவதற்கு முன் வகுத்துப் பாருங்கள். கையில் வரப்போகும் வெள்ளியைப் புறப்படும் டாலரால் வகுத்தால், உண்மையான மாற்று விலை தெரியும். அதை அன்றைய நடு விலையோடு ஒப்பிட்டால் வட்டம் வெளிப்பட்டுவிடும். விளம்பரம் எதுவானாலும் இந்த வகுத்தல் கணக்கு பொய் சொல்லாது. சில்லறை சில்லறையாக மாற்றாமல் மாதம் ஒரு முறையோ இரு முறையோ சேர்த்து மாற்றுவது நல்லது. ஒவ்வொரு மாற்றுக்கும் தனிக் கட்டணம் இருந்தால் அது மிச்சமாகும்.

மூன்றாவதாக, விலையை எந்த நாணயத்தில் போடுவது என்று யோசிக்க வேண்டும். வெள்ளியில் விலை போட்டால் நஷ்டம் நம்மை அணுகாது என்று சிலர் எண்ணுகின்றனர். நஷ்டம் மறைவதில்லை, வாங்குபவருடைய அட்டைக் கட்டணமாக அவர் தலையில் விழுகிறது. அதைக் கண்டு அவர் வேறு கடைக்குப் போகவும் கூடும். அவர் நாணயத்தில் விலை போடுவதாயின், மாற்றுச் செலவை விலையிலேயே சேர்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை விலைப் பட்டியலைத் திருத்த வேண்டும். மலேசிய ரிங்கிட் 1973 மே மாதம் வரை நம் வெள்ளிக்குச் சமமாகக் கைமாறியது. 2020இல் ஒரு வெள்ளிக்குச் சுமார் 3.05 ரிங்கிட். 2024 தொடக்கத்தில் 3.50க்கும் மேலே போயிற்று. 105 ரிங்கிட் என்று 2020இல் விலை போட்டுவிட்டு மறந்திருந்தவருக்கு, 34 வெள்ளிக்கு மேல் வந்த இடத்தில் 30 வெள்ளி கூட வரவில்லை. அதன் பின் ரிங்கிட் ஓரளவு மீண்டது. ஏறினாலும் இறங்கினாலும் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்பதே பாடம்.

புருணையில் விற்போருக்கு மட்டும் இக்கவலை இல்லை. 1967ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி புருணை டாலரும் நம் வெள்ளியும் இன்றுவரை ஒன்றுக்கு ஒன்று. அட்டைக் கட்டணம் வேறாக இருக்கலாம். மதிப்பு ஏறி இறங்கும் பயமில்லை. புதிதாக வெளிநாட்டு விற்பனை தொடங்குவோர் இச்சந்தையை நினைவில் வைத்தல் நலம்.

நான்காவதாக, பேரேட்டில் ‘நாணய மாற்று வித்தியாசம்’ என்று தனிப் பக்கம் ஒதுக்குங்கள். விற்ற நாளின் மாற்று விலையில் வரவு எழுதி, பணம் வந்த நாளில் உள்ள வித்தியாசத்தை அப்பக்கத்தில் எழுத வேண்டும். வியாபாரத்தின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் நேரும் மாற்று நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் கழிக்க உள்நாட்டு வருவாய் ஆணையம் இடமளிக்கிறது. மாற்று லாபத்துக்கு வரியும் உண்டு. எழுதி வைக்காதவருக்கு நஷ்டம் இரட்டிப்பு: பணமும் போயிற்று, கழிவும் போயிற்று. இந்தக் கணக்குகளை ஐந்து ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

ஐந்தாவதாக, சரக்கைத் திருப்பிக் கொடுப்பதற்குத் தந்த தவணை முடியும்வரை, அந்த நாணயத்தில் ஒரு பகுதியை மாற்றாமல் வைத்திருங்கள். திருப்பித் தர நேர்ந்தால் அதிலிருந்தே தரலாம்.

செய்யக் கூடாதன

2023 பிப்ரவரி 21ஆம் தேதி முதல் நம் பேநவ் முறையும் இந்தியாவின் யுபிஐ முறையும் இணைக்கப்பட்டிருக்கின்றன. அவ்வாண்டு நவம்பரில் மலேசியாவின் டுயிட்நவ் முறையுடனும் இணைப்பு ஏற்பட்டது. ஊரிலுள்ள தாய் தந்தையருக்குப் பணம் அனுப்ப இவை மிகவும் உதவுகின்றன. ஆனால் இந்திய இணைப்பு தனிமனிதர் ஒருவருக்கொருவர் பணம் அனுப்புவதற்காக ஏற்பட்டது. வியாபாரப் பற்றுவரவை அதில் கலக்கலாகாது.

உண்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாங்கியைவிட நல்ல விலை தருகிறேன் என்று ஒருவர் கூறலாம். பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். 2020 ஜனவரி 28 முதல் நடைமுறையிலுள்ள பணம் செலுத்தும் சேவைச் சட்டத்தின்படி, அனுமதியின்றி எல்லை கடந்து பணம் அனுப்பும் தொழில் செய்வது குற்றம். பணம் போய்ச் சேராவிட்டால் எந்தச் சீட்டைக் காட்டி முறையிடுவது? நூற்றுக்கு ஒரு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் நூறு வெள்ளியையும் ஆபத்தில் வைப்பது வணிகருக்கு அழகன்று. அனுமதி பெற்றவர் யார் என்பதை நாணய ஆணையத்தின் பட்டியலில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழித்து வரும் டாலருக்கு இன்றே விலை பேசி முடிக்கும் முன்பேர ஒப்பந்தங்களைப் பாங்கிகள் விற்கின்றன. பெரிய வர்த்தகர் பலர் காலத்தால் வரும் நஷ்டத்துக்கு இதையே காப்பாகக் கொள்கின்றனர். ஆனால் நாணயத்துக்கு நாணயம் மாற்றுகையில் இரு தரப்பும் அந்த அமர்விலேயே கைமாற வேண்டும் என்னும் மார்க்க விதியை நாம் அறிவோம். அதன்படி இத்தகைய முன்பேர ஒப்பந்தம் கூடாது என்பதே இஸ்லாமிய நிதித்துறைத் தரக் குழுவின் நிலை. ஒரு தரப்பு மட்டும் வாக்குறுதி அளிக்கும் வேறொரு முறையைச் சில இஸ்லாமிய பாங்கிகள் கையாள்கின்றன. இதில் இறங்குவோர் உலமாப் பெருமக்களைக் கலந்துகொள்ளட்டும். ஆனால் டாலர் வரவிலிருந்தே டாலர் செலவைச் செலுத்தும் நம் வழியில் இக்கேள்வியே எழுவதில்லை, செலவும் குறைவு.

முடிவாக

நாணயத்தின் மதிப்பை நம்மால் நிறுத்தி வைக்க முடியாது. 1966இல் ரூபாயையும் 1967இல் பவுனையும் நம் முன்னோரால் நிறுத்த முடிந்ததா? ஆனால் வட்டம் எவ்வளவு என்று கேட்பதும், வீணாக மாற்றாமலிருப்பதும், உள்ளதை உள்ளபடி எழுதி வைப்பதும் நம் கையில் இருக்கின்றன. இன்று கடை அடைத்தபின், சென்ற மாதத்து வெளிநாட்டு விற்பனைகளில் பத்தை எடுத்துக்கொண்டு, புறப்பட்ட தொகையையும் வந்து சேர்ந்த தொகையையும் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். அரை மணி நேரத்து வேலை. நம் லாபம் எந்த வாயில் வழியே போகிறது என்பதை அந்த ஒரு தாள் காட்டிவிடும். அதை அடைக்கும் வழியும் அங்கேயே புலப்படும்.